பையில் தெரிவது பூச்சிதானா?

வயிற்றில் ஸ்டோமா, அதாவது குடலை வெளியே கொண்டுவந்து மலத்துக்குப் பை மாட்டும் துளை, வைத்திருப்பவர்கள் தங்கள் மலத்தை மற்றவர்களைவிட அதிகம் பார்க்கிறார்கள். பையைக் காலி செய்யும் ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டே தீரும். பூச்சி பயமும் அதோடு சேர்ந்து வருகிறது. வாழைப்பழத்தின் நடுநார் கருநூலாக வரும், தக்காளித் தோல் சுருண்டு வரும், கீரைத்தண்டும் காளானும் போட்டது போட்டபடி வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெளியே கொண்டுவந்து வைத்திருக்கும் இலியாஸ்டமிக்காரர்களுக்கு இது அன்றாடக் காட்சி. பூச்சி என்று பதறவைப்பவற்றில் பல இந்த வகைதான்.

நிஜப் புழுவும் வருவதுண்டு. நாக்குப்பூச்சி என்று ஊரில் சொல்லும் உருண்டைப்புழு சிறுகுடல்வாசி. பெண்புழு 20 முதல் 35 செ.மீ. வரை நீளும், நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டையிடும். ஊர்சுற்றும் புத்தியும் உண்டு: காய்ச்சல் வந்தாலோ மயக்க மருந்து கொடுத்தாலோ இடம் மாறும், பித்தநாளத்தில் நுழையும், சிலருக்கு வாய் வழியாகவே வந்துவிடும். ஸ்டோமா வழியே உயிரோடு வெளிவந்ததையும் மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. பார்த்தவருக்கு உயிர் போய் உயிர் வரும். ஆனால் பெரும்பாலும் 400 மி.கி. அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றுக்கே அடங்கிவிடுகிற புழு இது.

எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாத ஜியார்டியாவிடம்தான். அசுத்தமான தண்ணீரில் வந்து சிறுகுடலின் மேல்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் ஒற்றைச்செல் உயிரி. பெருங்குடல் உள்ளவருக்கு இது சில வாரத் தொல்லை. சிறுகுடலிலிருந்து தினமும் இறங்கும் ஒன்றரை, இரண்டு லிட்டர் நீரில் பெரும்பகுதியைப் பெருங்குடல் உறிஞ்சி மீட்டுவிடும். இலியாஸ்டமியில் அந்த மீட்பு இல்லை. வழக்கமாக ஒரு லிட்டருக்குள் வருவது இரண்டு லிட்டராகிவிட்டால், நீரோடு உப்பும் போய், ஓரிரு நாளில் சிறுநீரகம் வரை பாதிக்கும்.

தாகத்துக்கு வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பது இன்னும் மோசம். உப்பில்லாத நீர் குடலுக்குள் போனால், உடலிலிருக்கும் சோடியத்தையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். உப்பும் குளுக்கோஸும் சேர்ந்தால்தான் குடல் நீரை உள்ளே வாங்கும். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பெயரால் வழங்கும் கரைசலில் ஒரு லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட். அவசரத்துக்கு நம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போதும்.

எந்த ஒட்டுண்ணி தங்கும் என்பது எந்தக் குடல் மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாட்டைப்புழு, கீரிப்பூச்சி, சீதபேதி அமீபா மூன்றுக்கும் வீடு பெருங்குடல். அதை முழுக்க எடுத்துவிட்டவர்களுக்கு இவற்றின் தொல்லை குறைவு. பெருங்குடலையே வெளியே கொண்டுவந்து வைத்திருக்கும் கொலாஸ்டமிக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அபூர்வமாக, அமீபா ஸ்டோமாவைச் சுற்றிய தோலையே அரித்து, கடும் வலியுள்ள புண்ணாக்கிவிடும். பசை ஒவ்வாமை என்றும் பை கசிவு என்றும் களிம்பு பூசிக் காலம் கடத்துவதுதான் இதில் நடக்கும் தவறு.

மறக்கக் கூடாத இன்னொரு ஒட்டுண்ணி ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு. மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோல் வழியே ஏறி, உடலுக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டுமீறி உயிரையே எடுக்கும். குடல்புண் அழற்சியால் ஸ்டோமா வைத்தவர்கள் பலர் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் என்பதால் மருத்துவர்கள் இதை மறக்கக் கூடாது. இதற்கு ஐவர்மெக்டின்தான் மருந்து. ஒரே ஒரு வேளை கொடுக்கும் அல்பெண்டசோலை இதற்கு நம்ப முடியாது.

ஆகவே கடையில் பூச்சி மாத்திரை கேட்பதற்கு முன் மலப் பரிசோதனை செய்யுங்கள். புதுப் பை மாட்டி, வாசனைச் சொட்டு எதுவும் விடாமல், வந்தவுடன் எடுத்து லேபுக்குக் கொண்டுபோங்கள். ‘இலியாஸ்டமி’ என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நீந்தும் ஜியார்டியா சீக்கிரம் செத்துவிடும், தாமதித்தால் தெரியாது. ஒருமுறை இல்லை என்று வந்தாலும் வேறு வேறு நாளில் மூன்று முறை பாருங்கள். எந்த மாத்திரையானாலும் அது முழுதாகப் பையில் விழுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பை வழக்கத்தைவிட இருமடங்கு நிறைந்து, சிறுநீர் குறைந்து, தலை சுற்றினால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.