தரிசு நிலமும் தாவர எண்ணெயும்

எண்ணெய் என்னும் சொல் ஆதியில் எள்ளின் நெய்யையே குறித்தது. பின்னர் எல்லா வித்துக்களின் நெய்க்கும் பொதுப்பெயராகி, ஈற்றில் நிலத்தடிப் பெற்றோலியத்தையும் அது தன்னுள் அடக்கிற்று. இன்று அச்சொல் மீண்டும் வயலை நோக்கித் திரும்புகின்றது. கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து எதனோலும், காட்டாமணக்கு, முள்ளுத்தேங்காய் ஆகியவற்றிலிருந்து உயிர்டீசலும் பெற்று வாகனங்களை ஓட்டலாம் என வளர்முக நாடுகளுக்குக் கூறப்படுகின்றது. இக்கூற்றைக் கலகெதரவை மனங்கொண்டு மதிப்பிட முயல்வோம்.

மாற்று எரிபொருள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. டொலர் தட்டுப்பட்டபோது டீசலும் தட்டுப்பட்டது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கலகெதர ஊடாகக் குருணாகல் செல்லும் வீதியிலும், நாட்டின் ஏனைய வீதிகளிற் போன்றே, வாகனங்கள் வரிசையிற் காத்துநின்றன. முச்சக்கரவண்டிச் சாரதியின் உழைப்பு நாட்கள் அவ்வரிசையிலேயே கழிந்தன.

தாவர எண்ணெயில் இயந்திரம் ஓடுமா என்பதும் இன்று வினாவன்று. 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் இயக்கிக் காட்டப்பட்டது. பிரேசில் 1975 இல் எதனோல் திட்டத்தைத் தொடங்கிற்று. எனவே நாம் எழுப்பவேண்டிய வினா வேறு: யாருடைய நிலத்தில், யாருடைய உழைப்பில், யாருடைய வாகனத்திற்காக?

இந்தியாவின் அனுபவம் இங்கு நோக்கத்தக்கது. 2003 இல் அந்நாட்டுத் திட்டக்குழு, டீசலில் 20 வீதத்தைக் காட்டாமணக்கு எண்ணெயால் ஈடுசெய்யும் திட்டத்தை முன்வைத்தது. அதற்கு ஒரு கோடி ஹெக்டேயருக்கும் மேற்பட்ட நிலம் வேண்டியிருந்தது. தரிசு நிலம் பயன்படும், உணவுப்பயிர் பாதிக்கப்படாது என்பதே கூறப்பட்ட நியாயம். ஆனால் ஏடுகளில் தரிசெனக் குறிக்கப்பட்ட நிலம் வறியோரின் மேய்ச்சற் களமாகவும் விறகுக் காடாகவும் இருந்தது. தமிழ்நாட்டிலோ நிலக்கடலை விளைந்த காணிகளிலும் காட்டாமணக்கு நடப்பட்டது. நீரும் பசளையுமின்றி எதிர்பார்த்த விளைச்சல் கிட்டாமையால் விவசாயிகள் பலர் அதனைக் கைவிட்டனர்.

தரிசு என்னும் இச்சொல் கண்டி மக்களுக்குப் புதியதன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படாதவிடத்து, முடிக்கே உரியன என்றது. குடியானவரின் சேனைநிலங்கள் அவ்வாறு தரிசாயின. பின்னர் கோப்பித் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொணரப்பட்டனர். ஒரு சாராரின் நிலமும் மறுசாராரின் உழைப்பும் ஒரே மூலதனத்திற்கு இரையாயின. பயிர் கோப்பியிலிருந்து தேயிலையாக மாறியபோதும் இவ்வுறவு மாறவில்லை. அது எரிபொருட் பயிராக மாறுவதனால் மட்டும் இவ்வுறவு தானே மாறிவிடும் என எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை.

இனி, கலகெதரவைப் போன்ற ஊர்களின் வீட்டுத்தோட்டத்தை நோக்குவோம். தென்னை, பலா, கமுகு, மிளகு முதலியன ஒருங்கே வளரும் கண்டிப் பிரதேசத் தோட்டங்களில், வேலியாகவும் மிளகுக்கொடி படரும் தாங்குமரமாகவும் நிற்பது கிளிரிசீடியா என்னும் சீமைக்கிளுவை. வெட்ட வெட்டத் துளிர்க்கும் இம்மரத்தின் இலை பசளையாகவும் தீவனமாகவும் உதவும். தடி அடுப்பிற்கும் கொதிகலனுக்கும் எரிபொருளாகும். அதனை நேரே பஸ்ஸின் தாங்கியில் ஊற்ற முடியாது. ஆயினும் தொழிற்சாலைகளில் உலை எண்ணெயின் இடத்தை அது பெறுமாயின், மிஞ்சும் அந்நியச் செலாவணி பஸ்ஸிற்கு உதவும்; அத்தடியால் மின்சாரமும் பிறப்பிக்கலாம்.

2005 இல் அரசு இதனைத் தேயிலை, றப்பர், தெங்கு ஆகியவற்றிற்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. முரண்பாடு இங்கேயே உள்ளது. இம்மரத்தின் சிறப்பு வேலிமரமாய், பிறபயிர்க்குத் துணையாய் நிற்பதிலன்றோ உண்டு? பெருந்தோட்டமாக்கின் அது சோற்றுக்குரிய மண்ணோடு போட்டியிடும். தடியை விற்கும் சிறுவிவசாயி கூட்டுறவு வழி விலைபேசும் நிலையிலிருந்தால் அது அவரது வருவாய். இடைத்தரகரின் தராசில் விடப்பட்டால், மற்றொரு மலிவான மூலப்பொருள் மட்டுமே.

ஆகவே உயிர்ம எரிபொருளைப் பொதுவாக ஏற்பதோ மறுப்பதோ விஞ்ஞானபூர்வமான நோக்காகாது. உணவு நிலத்தைத் தொடாமை, காணியுரிமையைப் பறியாமை, தனியார் காருக்கு முன் பொதுப் போக்குவரத்திற்குப் பயன்படல் என்னும் மூன்று அளவுகோல்களால் ஒவ்வொரு திட்டத்தையும் அளத்தல் வேண்டும். ஒரு நிலத்தைத் தரிசு என எவரேனும் கூறுமிடத்து, அங்கு விறகு பொறுக்குபவரையும் ஆடு மேய்ப்பவரையும் முதலில் வினவுதல் நமது கடனாகும்.