முகத்தலும் நிறுத்தலும்

எண்ணல், நீட்டல், முகத்தல், நிறுத்தல் என அளவைகள் நால்வகைப்படும் என்பதை இளமையிலேயே வாய்பாட்டுடன் கற்றோம். இந்நான்கனுள் முன்னிரண்டும் நம்மைப் பெரிதும் மயக்குவதில்லை. பத்துத் தேங்காயை எவர் எண்ணினும் பத்தே. பின்னிரண்டுக்கும் இடையேதான் தீராத வழக்கு. ஒரு படி என்பது எத்தனை கிராம் என்று வினவினால், உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவோர் பலர். எப்பொருளில் ஒரு படி என்று திருப்பிக் கேட்பவரே கணக்கறிந்தவர்.

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் வட்டாரத்தில் இவ்வினா வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. களத்து நெல்லைக் கலமென்றும் மரக்காலென்றும் பேசிப் பழகிய முதியோர் இங்குண்டு. அரசினர் நேரடிக் கொள்முதல் நிலையமோ அந்நெல்லை 40 கிலோகிராம் மூட்டைகளாக நிறுத்தே ஏற்கின்றது. பாட்டியார் படியும் ஆழாக்கும் பலமுமாகச் சொல்லும் பக்குவத்தைப் பேர்த்தி கிராமிற் கேட்டு எழுதிக்கொள்கின்றாள். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலிலோ மண்ணைக் கிலோகிராமில் நிறுத்துக் குழம்பை லிட்டரில் முகக்கின்றனர். இம்மூவிடத்தும் நிகழும் பிழைக்கு வேர் ஒன்றே. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் பழைய வாய்பாட்டை நினைவுகூர்வோம். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நிறுத்தலில் மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. தோலா 11.66 கிராம் ஆதலின், பலம் 35 கிராம், வீசை 1,400 கிராம் எனக் கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வாய்பாட்டுச் சேர் 24 தோலா. 1939ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய நிறைச் சட்டத்தின் சேரோ 80 தோலா. பெயர் ஒன்றாயிருப்பதைக் கண்டு, வடநாட்டுச் சமையற் குறிப்பை அப்படியே நம் சேரில் நிறுத்தவர் பண்டத்தைக் கெடுத்தேயிருப்பர். படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தது. இன்று அதனை ஏறத்தாழ 1.34 லிட்டர் என்றும் ஆழாக்கை 168 மில்லிலிட்டர் என்றும் கணக்கிடுகின்றனர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நாட்டில் நுழைந்தன. சட்டம் கடைத்தெருவை மாற்றிற்று. அடுக்களையை முற்றிலும் மாற்றவில்லை.

பலத்தைக் கிராமாக மாற்றுவதிலும் ஆழாக்கை மில்லிலிட்டராக மாற்றுவதிலும் பெருக்கல் தெரிந்தாற் போதும். ஆழாக்கைக் கிராமாக மாற்றுவதற்கோ பொருளின் இயல்பும் அதனைப் பெய்த கையின் இயல்பும் தெரிதல் வேண்டும். ஏனெனில், தானியத்தை முகக்கும்போது நாம் தானியத்தை மட்டும் முகப்பதில்லை. மணிகளுக்கிடையேயுள்ள காற்றையும் சேர்த்தே முகக்கின்றோம். ஐயமுடையோர் 200 மில்லிலிட்டர் கொள்ளும் டம்ளரில் அரிசியைத் தலைதட்டி நிரப்பி, அது வழியாத வரையில் அளந்த நீரை ஊற்றிப் பார்க்க. ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் நீர் உள்ளே மறைந்துவிடும். நிறைந்திருக்கிறது என்று நாம் கருதிய டம்ளரில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடமே.

இவ்வெற்றிடம் நிலையானதன்று. குலுக்கினாற் குறையும், மெல்லச் சொரிந்தால் மிகும். அதே டம்ளரில் அரிசி 165 கிராம் அளவில் நிற்கும். சர்க்கரை 170 கிராம். கோதுமை மாவைச் சலித்துப் பெய்தால் 100 கிராமை ஒட்டியும், அமுக்கி நிரப்பினால் 140 கிராமை ஒட்டியும் நிற்கும். டம்ளர் ஒன்று, மாவு ஒன்று. வேறுபாடு 40 கிராம்! நீர்ப்பொருள்களில் இத்தொல்லை இல்லை. நீர் 200 கிராம், பால் 206, நல்லெண்ணெய் 184, உருக்கிய நெய் 182, தேன் 284 என்பவை எவர் ஊற்றினும் பெரிதும் மாறா. ஆகவே நீர்ப்பொருளை முகத்தலும் பொடியை நிறுத்தலும் சமையலுக்கு நன்று. இட்டலிக்கு நாலுக்கு ஒன்று என அரிசியும் உளுந்தும் போடுவது போல, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளக்கும் பக்குவங்களுக்குத் தராசு வேண்டா. பாத்திரம் பெரிதானாலும் சிறிதானாலும் விகிதம் ஒன்றே. அரிசியைப் படியிலும் புளியைப் பலத்திலும் சொல்லும் பக்குவமே நம்மைச் சோதிப்பது.

நாம் அறிந்த மாணவர் விடுதியொன்றில், கல்லுப்புக்குப் பதிலாகத் தூளுப்பு வந்த முதல்நாள், சமையற்காரர் வழக்கமான படியாலேயே உப்பை அளந்து கொட்டினார். தூளுப்பின் மணிகள் நெருங்கி அமர்வதால், அதே படியில் கூடுதலான உப்புப் புகுந்துவிட்டது. அன்று இருநூறு பேரும் மோர்ச்சோறே உண்டனர்.

குழம்பு உவர்த்தால் ஒரு வேளையோடு போயிற்று. கூலி நெல்லை முகப்பதில் நிகழ்ந்த பிழையோ தலைமுறைகளை வாட்டியது. படியாள் என்னும் சொல்லே, படியளந்து கூலி பெற்றவரைக் குறித்து வந்ததன்றோ! கோபுரமாக அளப்பதும் தலைதட்டி அளப்பதும் அளப்பவன் கையிலிருந்தன. மரக்காலின் உள்ளளவும் அவன் வைத்ததே. தஞ்சை மாவட்டத்தில் 1940களில் உழவுத்தொழிலாளர் எழுப்பிய கோரிக்கைகளுள், அரசு முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்கப்படவேண்டும் என்பதும் ஒன்று. எத்தனை மரக்கால் என்பதோடு, எந்த மரக்கால் என்றும் அவர்கள் கேட்டனர். இக்கேள்வி பழமையானதே. பெரிதும் சிறிதுமாக இருவகை அளவைகளை வீட்டில் வைத்திருத்தலை உபாகமத்தின் 25ஆம் அதிகாரம் விலக்குகின்றது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில், நெல் அளந்த மரக்காலுக்கும் பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்று இறைவன் திருநாமமே இடப்பட்டிருக்கின்றது. இன்ன அளவையால் என்று பெயர் சுட்டாத கணக்கை அக்காலத்தார் கணக்காக மதிக்கவில்லை போலும்.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் நிறுத்துவிட்டால் வழக்கு ஒழியுமோ எனின், ஒழியாது. படியிற் காற்று ஒளிந்திருப்பது போலத் தராசில் ஈரம் ஒளிந்திருக்கின்றது. கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மிகாதிருத்தல் பொதுவிதி. 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோகிராம் நெல்லில் உலர்பொருள் 78 கிலோகிராமே. அதனை 17 விழுக்காட்டுக்குக் காயவைத்தால், 78ஐ 0.83ஆல் வகுக்க, 94 கிலோகிராம் நிற்கும். குறைந்த ஆறு கிலோவும் நெல்லன்று, நீர். மழைக்காலத்தில் நிலையத்து வாயிலில் நெல்லைப் பரப்பிவைத்து வானத்தை நோக்கி நிற்கும் உழவர்க்கு இக்கணக்கை நாம் கற்பிக்க வேண்டுவதில்லை.

காற்றையும் நீரையும் ஒருங்கே வென்ற கணக்கு ஒன்று விருத்தாசலத்தின் தொழிலாகிய பீங்கானில் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்திற் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண் முதலியவற்றை நீரிற் கரைத்துக் குழம்பாக்கி, பிளாஸ்டர் அச்சுகளில் வார்த்துப் பொம்மை முதலானவற்றைச் செய்கின்றனர். ஒரு தொட்டிக் குழம்பில் உலர்ந்த மண் எவ்வளவு என்று அறியாவிடின், வார்த்த பொருளின் கனம் நாளுக்கு நாள் மாறும். சூளையில் வெடிப்பும் கோணலும் நேரும். குழம்பைக் காய்ச்சி வற்றவைத்து நிறுத்தறிய நெடும்பொழுது ஆகும். பிரான்சு நாட்டுச் செவ்ரு பீங்கான் ஆலையை 1800 முதல் 1847இல் தாம் இறக்கும்வரை நடத்திய அலெக்சாந்தர் பிரோஞ்ஞியார் பெயரால் வழங்கும் சூத்திரம் இதனை ஒரு நிமிடத்திற் கூறிவிடும்.

அதன் உட்பொருள் எளிது. களிமண்ணின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.6. அதாவது, 2.6 கிராம் மண் ஒரு மில்லிலிட்டர் இடத்தை அடைத்து, அவ்விடத்திலிருந்த ஒரு கிராம் நீரை வெளியேற்றுகின்றது. நிறையில் மிகுவது 1.6 கிராம். எனவே ஒரு லிட்டர் குழம்பை நிறுத்து, நீரின் நிறையாகிய 1,000 கிராமைக் கழித்து, எஞ்சியதை 2.6ஆற் பெருக்கி 1.6ஆல் வகுத்தால் உலர்ந்த மண் கிடைக்கும். லிட்டர் 1,800 கிராம் நின்றால், 800ஐ இவ்வாறு பெருக்கி வகுக்க 1,300 கிராம் மண். அது 500 மில்லிலிட்டர் இடங்கொள்ளும். மீதி 500 மில்லிலிட்டர் நீர். கணக்கு நேராயிற்று. லிட்டர் 1,400 கிராமே நின்றாலோ மண் 650 கிராம்தான். முன்னதிற் பாதி! தராசு காட்டும் வேறுபாடு கால்பங்கினும் குறைவு. உள்ளிருக்கும் மண்ணோ அரைவாசி. கண்ணளவால் நீரூற்றுவோர் தவறுவது இங்கேதான்.

இக்கணக்கு ஏன் பொய்ப்பதில்லை எனின், குழம்பில் மணிகளுக்கிடையே காற்றில்லை, நீரே உண்டு. நீரின் நிறையோ நாம் அறிந்தது. குழம்பை முகக்கும்போது நுரையை மட்டும் நீக்கிவிட வேண்டும். நுரை ஏறினால் காற்றும் ஏறிவிடும். தொட்டியின் அடியில் மண் படிந்திருக்குமாதலின், நன்கு கலக்கிய பின்னரே முகக்க. லிட்டர்ப் பாத்திரத்தின் வெறும் எடையை முதலிலேயே நிறுத்து அதன் புறத்தே எழுதிவைத்தல் நலம். விரைவில் அதனைக் கழிக்க மறந்துவிடுகின்றோம்.