தழையும் தனியாவும்

கறிகாய் வாங்கி முடிந்ததும் கூடைக்குள் கொசுறாக வந்து விழுகிறதே ஒரு பிடி கொத்துமல்லித் தழை, அதை ஒரு கையிலும், மளிகை டப்பாவில் இருக்கும் தனியாவை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு முகர்ந்து பாருங்கள். இரண்டும் ஒரே செடியில் பிறந்தவை என்று மூக்கு ஒப்புக்கொள்ளுமா? ஒருநாளும் ஒப்புக்கொள்ளாது!

மூக்கு சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீராவியைத் தழையின் வழியாகச் செலுத்திக் குளிர வைத்தால், தண்ணீரின் மேல் ஒரு தைலம் மிதக்கும். விதையையும் அவ்வாறே செய்தால் இன்னொரு தைலம் மிதக்கும். தாய் ஒன்றானாலும் குணம் வேறு. விதைத் தைலத்தில் பாதிக்கு மேல், பெரும்பாலும் 60 முதல் 80 சதவிகிதம் வரை, லினலூல் என்ற பொருள். லவண்டர் பூவுக்கு மணம் தருவதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. தழைத் தைலத்திலோ ஆல்டிஹைடு என்னும் வகைப் பொருள்களின் ஆட்சி. மூட்டைப்பூச்சியை நசுக்கினால் வரும் நாற்றமும் இந்த வகையறாதான்! கிரேக்க மொழியில் மூட்டைப்பூச்சிக்கு 'கோரிஸ்' என்று பெயர். அதிலிருந்தே 'கோரியாண்டர்' வந்தது என்பார்கள். பச்சைக் காயாக இருக்கும்போது விதைக்கும் இதே வாடைதான். முற்றிக் காயக் காய அது குறைந்து, லினலூல் மேலோங்கி, நாம் அறிந்த தனியா மணம் வந்துவிடுகிறது.

உங்கள் வீட்டில் யாராவது, "ரசத்தில் சோப்பு வாடை அடிக்கிறது" என்று தழையைப் பொறுக்கி எறிகிறார்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஆல்டிஹைடுகளைக் கூர்மையாக முகரும் ஒரு மரபணுவுக்கும் அந்தச் சோப்பு வாடைக்கும் தொடர்பு இருப்பதை 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. அவர்களுக்குத் தழையை அரைத்துத் துவையலாகக் கொடுத்துப் பாருங்கள். அரைபடும்போது இலையிலுள்ள நொதிகள் அந்த ஆல்டிஹைடுகளை மாற்றி, வாடையைத் தணிக்கின்றன.

ரசத்தை இறக்கியபின் தழையைக் கிள்ளிப் போடச் சொன்ன பாட்டிமார்களும் கெட்டிக்காரிகள்தான். கொதிக்கவிட்டால் அந்த மணம் ஆவியோடு பறந்துவிடும். தனியாவின் மணமோ விதைக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. இளஞ்சூட்டில் வறுத்து, வேண்டியபோது பொடித்தால் கமகமவென்று எழும். ஆறு மாதத்துக்கு அரைத்து வைத்த பொடியில் நிறம் இருக்கும். மணத்தைத் தேடத்தான் வேண்டும்.

தனியாவின் பெருமை பழையது. எகிப்து அரசன் துட்டன்காமனின் கல்லறை 1922-ல் கண்டுபிடிக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்த அதற்குள்ளும் தனியா இருந்தது! இன்று விதைத் தைலம் ஸென்ட்டிலும், சோப்பிலும், மிட்டாய் வகைகளிலும், ஜின் முதலிய மேல்நாட்டு மதுபானங்களிலும் சேர்கிறது. கசப்பு மருந்தின் ருசியை மறைப்பதற்கும் அதைக் கலப்பதுண்டு. தழைத் தைலத்துக்கு வாசனைத் திரவியக்காரர்களிடம் அவ்வளவு மவுசு இல்லை. குழம்புச் சாறு, பொட்டல உணவு போன்றவற்றுக்குப் பச்சை மணம் ஊட்டுவதே அதன் முக்கிய வேலை.

இப்போது சிறு பாட்டில்களில் இந்தத் தைலங்கள் கடைக்கு வருகின்றன அல்லவா? வாங்குமுன் சீட்டைப் படியுங்கள். அமெரிக்கர்கள் தழையை 'சிலான்ட்ரோ' என்றும் விதையை 'கோரியாண்டர்' என்றும் பிரித்துச் சொல்வார்கள். இங்கிலாந்தில் இரண்டுக்கும் 'கோரியாண்டர்'தான். நம் ஊரிலோ 'மல்லி' என்றால் தனியாவும் ஆகலாம், மல்லிகையும் ஆகலாம்! இலையா, விதையா என்று கேட்டு வாங்குவதே நல்லது.

மிக முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தனியாக் கஷாயம் வயிற்றுக்கு நல்லது என்பதற்காக, தைலத்தையும் குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டுவிடாதீர்கள். 100 கிலோ விதையை வடித்தாலும் கிடைப்பது ஒரு கிலோவுக்கு உட்பட்ட தைலம்தான் என்றால், அது எவ்வளவு செறிவானது என்று யோசியுங்கள். கஷாயத்தின் கணக்கு தைலத்துக்குப் பொருந்தாது. கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் வெளிப்பூச்சாகக்கூட வேண்டாம். மற்றவர்கள் பூசிக்கொள்வதானாலும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு கலந்து, முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது உத்தமம்.

லினலூல் காற்றுப் பட்டுப் பழையதானால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். ஆகவே பாட்டிலை இறுக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். திறந்த தேதியைச் சீட்டிலே குறித்துவிட்டால், எத்தனை நாளாயிற்று என்று பிறகு மூளையைக் கசக்க வேண்டியதில்லை.