சைன்-கார்டன் – தெரிங் சமானம்

சைன்-கார்டன் – தெரிங் சமானம் என்பது, வெளி ஒன்று, காலம் ஒன்று என இரு பரிமாணங்களில் அமைந்த இரண்டு குவாண்டம் புலக் கோட்பாட்டு மாதிரிகள் ஒரே இயற்பியலை விவரிக்கின்றன என்னும் முடிவாகும். இவற்றுள் ஒன்று போசான் புலத்தாலும் மற்றது ஃபெர்மியான் புலத்தாலும் ஆனது. அமெரிக்க இயற்பியலாளர் சிட்னி கோல்மன் 1975 இல் இதனைக் காட்டினார்.

இரு மாதிரிகள்

சைன்-கார்டன் மாதிரியில் ஒரே ஒரு போசான் புலம் உண்டு. அதன் நிலையாற்றல் கோசைன் சார்பின் வடிவில், சம இடைவெளிகளில் பள்ளங்களைக் கொண்டது. புலம் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்திற்கு மாறும் பகுதி ஒரு துகள்போல் நகரும். இது சொலிட்டான் எனப்படும். இரு முனைகளிலும் புலம் வெவ்வேறு பள்ளங்களில் நிலைத்திருப்பதால் தனிச் சொலிட்டான் தானாக மறைவதில்லை.

தெரிங் மாதிரியை ஆஸ்திரிய இயற்பியலாளர் வால்ட்டர் தெரிங் 1958 இல் முன்வைத்தார். இதில் ஃபெர்மியான்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும்போது மட்டும் இடைவினை புரிகின்றன. தெரிங் திணிவற்ற ஃபெர்மியான்களை ஆராய்ந்தார். இங்குக் கூறப்படும் சமானம் திணிவுள்ள வடிவத்திற்கு உரியது.

சமானத்தின் விதி

சைன்-கார்டன் மாதிரியின் பிணைப்பு மாறிலியை ப எனவும், தெரிங் மாதிரியின் பிணைப்பு மாறிலியை க எனவும் கொண்டால்,

ப² / 4பை = 1 / (1 + க/பை)

ஆகும். இங்கு ப² இன் மதிப்பு 8பை ஐ விடக் குறைவாக இருத்தல் வேண்டும். இதிலிருந்து பெறப்படுவன:

* சொலிட்டான், தெரிங் மாதிரியின் ஃபெர்மியானே ஆகும். எதிர்ச்சொலிட்டான் அதன் எதிர்த்துகள்.
* ப² = 4பை எனில் க = 0. அப்போது ஃபெர்மியான்களிடையே இடைவினை இல்லை.
* ப மிகச் சிறிதானால் க மிகப் பெரிதாகும். எனவே ஒரு மாதிரியில் கடினமான கணக்கு மற்றதில் எளிதாகிறது.

ப சிறிதாக உள்ளபோது, சைன்-கார்டன் புலத்தின் அடிப்படைத் துகள், தெரிங் மாதிரியில் ஃபெர்மியானும் அதன் எதிர்த்துகளும் பிணைந்த கூட்டுத்துகளாகும். ஆகவே எது அடிப்படை, எது கூட்டு என்பது தேர்ந்துகொள்ளும் விளக்கத்தைப் பொறுத்ததே.

காரணம்

முப்பரிமாண வெளியில் போசானையும் ஃபெர்மியானையும் தற்சுழற்சி வேறுபடுத்துகிறது. ஒரு கோட்டில் சுழற்சிக்கு இடமில்லை. மேலும், அங்கு இரு துகள்கள் ஒன்றையொன்று கடக்காமல் இடம் மாற இயலாது. ஆதலால் இடமாற்றத்தால் வரும் குறிமாற்றத்தை இடைவினையின் விளைவிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை.

வரலாறும் பயனும்

சொலிட்டான்கள் ஃபெர்மியான்களாக நடந்துகொள்ளலாம் எனப் பிரித்தானிய இயற்பியலாளர் டோனி ஸ்கைர்ம் 1960களின் தொடக்கத்திலேயே கருதினார். கோல்மன் இரு மாதிரிகளின் தொடர்விரிவுகள் ஒவ்வொரு படியிலும் பொருந்துவதைக் காட்டினார். அதே ஆண்டில் இசுடான்லி மாண்டெல்சுடாம் போசான் புலத்தைக் கொண்டே ஃபெர்மியான் செயலியை அமைத்தார். போசானாக்கம் எனப்படும் இம்முறை, மிக மெல்லிய கம்பிகளில் எலக்ட்ரான்களின் இயக்கத்தை ஆராயவும் பயன்படுகிறது.