குளத்துப் பாசியும் நீல மருந்தும்

திருத்தணிகைச் சரவணப் பொய்கையில் ஸ்நானம் செய்யப் படியிறங்குகிறவர்களுக்குப் பெரியோர் சொல்லும் முதல் வார்த்தை, "பாசி வழுக்கும், ஜாக்கிரதை!" என்பதே. நாம் பாசியைப் பற்றிப் பாடம் நடத்திய அன்று ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, விழத் தட்டுவதைத் தவிர அதனால் வேறு பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. கேள்வி என்னவோ நல்ல கேள்விதான்.

நமது மாகாணத்தில் பாசி ஆராய்ச்சி பழமையானது. சென்னைச் சர்வகலாசாலையில் எம். ஓ. பி. ஐயங்கார் அதற்கு அஸ்திவாரமிட்டார். அவர் வழிவந்த டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-ல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர், சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தில் சி. வி. சேஷாத்திரி, ஸ்பைருலினா என்னும் பாசியைக் கிராமத்தாரும் வளர்க்கத்தக்க உணவாக்க முயன்றார்.

இப்பாசியில் பச்சை, மஞ்சள், நீலம் ஆகிய சாயங்கள் உண்டு. நீலத்துக்குப் பைக்கோசயனின் என்று பெயர். உலர்ந்த பாசிப் பொடியை ஜலத்தில் ஊறவைத்து, உறையச் செய்து, மறுபடி இளகவிட்டால், உயிரணுக்களின் சுவர் உடைந்து நீலம் மட்டும் ஜலத்தில் கரைந்து வரும். மற்றவை ஜலத்தில் கரையா. அவற்றுக்குச் சாராயம் போன்ற திரவம் வேண்டும். நீல ஜலத்தை வேகமாகச் சுழற்றித் தெளியவைத்து, அம்மோனியம் சல்பேட் உப்பைச் சேர்த்தால் சாயம் திரிந்து படியும். அது புரத வஸ்து. ஆகையால் கொதிக்கவைத்தால் நிறமும் குணமும் கெடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? கேரளத்தில் புகையிலை மெல்லுவோரின் வாயில் தோன்றும் வெண்படலம் சில சமயம் புற்றுநோயாக மாறும். அத்தகையோருக்கு ஓராண்டு தினம் ஒரு கிராம் ஸ்பைருலினா கொடுத்துப் பார்த்த முடிவு 1995-ல் வெளியாயிற்று. பாசி உண்ட 44 பேரில் 20 பேருக்குப் படலம் முற்றும் மறைந்தது. உண்ணாத 43 பேரில் மூவருக்கே மறைந்தது. ஆனால் பாசியை நிறுத்திய ஓராண்டுக்குள் குணமடைந்தவர்களில் ஒன்பது பேருக்குப் படலம் திரும்பிவிட்டது. மஞ்சள் சாயமான பீட்டா கரோட்டினும் அவர்கள் இரத்தத்தில் அதிகரிக்கவில்லை. அப்படியானால் குணம் செய்தது எது? சாயங்களைத் தனித்தனியே பிரித்துப் பரீக்ஷித்தாலன்றி இதற்கு விடை கிடையாது. நீலச் சாயம் வீக்கத்தைத் தணிப்பதாகப் பிராணிகளிடம் செய்த சோதனைகள் காட்டுகின்றன. மனிதருக்கு மருந்தென்று அது இன்னும் நிலைபெறவில்லை.

வீட்டுப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். குளத்துப் பாசியை அள்ளி அருந்த வேண்டாம். நீலப்பச்சைப் பாசிகளில் சில ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையவை. பாசி மருந்தாகும் நாள் வரட்டும். அதுவரை வெற்றிலைப் பெட்டியிலிருந்து புகையிலையை எடுத்தெறிவதே கைகண்ட ஔஷதம்.