கிராமச் சேவையும் நகர்ச் சீரமைப்பும்: உள்ளாட்சி நிதி செல்லும் வழிகள்

வளர்ச்சித் திட்டங்களின் பயனை மக்கள் தம் அன்றாட வாழ்வைக் கொண்டே அளந்தறிகின்றனர். வீட்டுக் குழாயில் நீர் வருகிறதா, மழைக்காலத்தில் சாலையில் நடக்க முடிகிறதா, தெருவிளக்கு எரிகிறதா, விளைபொருளை விற்கச் சந்தையில் இடம் கிடைக்கிறதா என்பனவே அவர்களுடைய அளவுகோல்கள். இத்தகைய சேவைகளில் பலவற்றை வழங்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளைச் சார்ந்தது. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிட்டது. அதே ஆண்டு ஜூன் முதல் நாள் செயலுக்கு வந்த 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கென 18 பொருள்களை வகுத்தது.

எனினும், ஊராட்சிக்கு வரும் பணமும் நகராட்சிக்கு வரும் பணமும் வெவ்வேறு வழிகளில் வருகின்றன. அவற்றைச் செலவிடும் முடிவுகளும் வெவ்வேறு முறைகளில் எடுக்கப்படுகின்றன. காலையில் கிராமத்துச் சாலையையும் நண்பகலில் நகரத்துச் சந்தையையும் பயன்படுத்துவது ஒரே குடும்பந்தான். ஆகவே, இவ்வேறுபாடு அக்குடும்பத்தின் வாழ்வை நேரடியாகத் தொடுகிறது. கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை அடுத்துள்ள ஒற்றசேகரமங்கலம் ஊராட்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஓர் ஊர், பல அலுவலகங்கள்

ஒற்றசேகரமங்கலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றுப் படுகையின் மேட்டு நிலப் பகுதியில் அமைந்துள்ளது. ரப்பர், மரவள்ளி, வாழை ஆகியவை இவ்வட்டாரத்தின் முக்கியப் பயிர்கள். இவ்வூர் முன்னர் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2014-இல் காட்டாக்கடை வட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்டது. ஆனால், அதன் ஊராட்சி ஒன்றியம் பெருங்கடவிளை. சட்டமன்றத் தொகுதி பாறசாலை. அண்மையிலுள்ள நகராட்சி நெய்யாற்றின்கரை.

எனவே, நிலவரி செலுத்தும் குடியானவர் வருவாய்த் துறையை நாடவேண்டும். வீட்டுவரிக்கும் தெருவிளக்குக்கும் ஊராட்சி அலுவலகம் செல்லவேண்டும். நகரின் பேருந்து நிலையமோ சந்தையோ பற்றிக் குறையிருப்பின் அதனைக் கேட்கவேண்டியது, தமக்கு வாக்குரிமை இல்லாத நகராட்சியிடம். எந்தச் சேவைக்கு எந்த அமைப்பு பொறுப்பு என்பது தெளிவாகாதவரை, நிதி ஒதுக்கீடு பற்றிய அறிவிப்புகளால் மக்களுக்குப் பெரும்பயன் விளைவதில்லை.

கிராமத்திற்கு வரும் பணம்

ஊராட்சியின் நிதி மூன்று ஊற்றுகளிலிருந்து வருகிறது. முதலாவது சொந்த வருவாய்: கட்டட வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம் முதலியன. இரண்டாவது மாநில அரசின் பகிர்வு. கேரளத்தில் இது வளர்ச்சி நிதி, பராமரிப்பு நிதி, பொது நோக்க நிதி என மூவகைப்படும். புதிய பணிகளுக்கு வளர்ச்சி நிதியும், சாலைகள், ஊராட்சியிடம் மாற்றப்பட்ட பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றைப் பேணுவதற்குப் பராமரிப்பு நிதியும், நிர்வாகத்திற்கும் கட்டாயக் கடமைகளுக்கும் பொது நோக்க நிதியும் உதவுகின்றன.

மூன்றாவது, மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி வரும் மானியம். பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்திற்கு நாடெங்கும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயும், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாயும் பரிந்துரைத்தது. ஊரகத்திற்குரிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் 60 ரூபாய் நிபந்தனைக்குட்பட்டது: 30 ரூபாய் குடிநீர், மழைநீர்ச் சேமிப்பு, நீர் மறுசுழற்சிக்கும், 30 ரூபாய் துப்புரவுக்கும் உரியவை. எஞ்சிய 40 ரூபாயை உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம். ஆயினும் சம்பளத்திற்கும் அலுவலகச் செலவுக்கும் பயன்படுத்தலாகாது. தணிக்கை செய்த கணக்குகளைப் பொதுமக்கள் காணுமாறு வெளியிடுவதும் மானியம் பெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது.

இவ்விவரம் அறியாதவருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. பணம் வந்துள்ளதாகக் கூறப்படுகிறது. ஆனால் எங்கள் தெருச் சாலை ஏன் செப்பனிடப்படவில்லை என்று அவர் கேட்பார். வந்த பணம் குடிநீருக்கென ஒதுக்கப்பட்டதாயின் அதனைச் சாலைக்குத் திருப்ப இயலாது. இதனை அலுவலர் எடுத்துரைத்தால் குறைகூறல் பாதி தணியும். மறைத்தால் ஐயம் வளரும்.

கிராம சபையின் வலிமையும் குறையும்

மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்குவது என்ற முடிவுடன் கேரள அரசு 1996 ஆகஸ்டு 17-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. திட்டமிடுதல் கிராம சபையிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. தேவைகளைக் கிராம சபை எடுத்துரைக்கும். செயற்குழுக்கள் அவற்றைத் திட்டங்களாக வடிக்கும். வளர்ச்சிக் கருத்தரங்கு முன்னுரிமையை விவாதிக்கும். ஊராட்சி முடிவு செய்யும். மாவட்டத் திட்டக் குழு ஒப்புதல் அளிக்கும்.

1994-ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டப்படி கிராம சபை வார்டுதோறும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும். தொடர்ந்து இருமுறை அதனைக் கூட்டத் தவறும் வார்டு உறுப்பினர் தம் பதவியையே இழக்க நேரிடும். வீடு, கழிப்பறை, வேளாண் உதவி போன்றவற்றைப் பெறுவோரின் முன்னுரிமைப் பட்டியலைக் கிராம சபையே தயாரிக்கிறது. அவ்வரிசையை ஊராட்சி மாற்றலாகாது. ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு இதனினும் வலிய பாதுகாப்பு வேறில்லை.

ஆனால், இவ்வலிமையின் அருகிலேயே ஒரு குறையும் உள்ளது. கூட்டம் செல்லுபடியாக வாக்காளரில் 10 விழுக்காட்டினர் வந்தால் போதும். 1,200 வாக்காளர் உள்ள ஒரு வார்டை எண்ணிப் பார்ப்போம். 120 பேர் வந்தால் சபை கூடிவிடும்; அவர்களுள் 61 பேர் ஒருமித்தால் 1,200 பேருக்குரிய முன்னுரிமை முடிவாகிவிடும். கூலி வேலைக்குச் செல்வோர், விடியலுக்கு முன்னரே ரப்பர் பால் வெட்டச் செல்வோர், முதியோர் ஆகியோர் வர இயலாத நேரத்தில் கூட்டம் வைக்கப்பட்டால், அவர்களுடைய தேவை பட்டியலின் அடியில் தங்கிவிடும். ஆதலால் கூட்டத்தின் நாளும் நேரமும் வெறும் அலுவலக நடைமுறை ஆகா. நிதிப் பங்கீட்டையே அவை தீர்மானிக்கின்றன.

பருவமும் கருதத்தக்கது. தென்கேரளம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. ஜூன் முதல் நவம்பர் வரை மண்வேலையும் சாலைவேலையும் தடைப்படுவது இயல்பு. திட்ட ஒப்புதல் தாமதமானால் எஞ்சுவது டிசம்பர் முதல் மார்ச் வரையிலான குறுகிய காலமே. நிதியாண்டின் இறுதியில் வேலைகள் அவசரமாக முடிக்கப்படுவதற்கும், தரம் குறைவதற்கும் இதுவும் ஒரு காரணமாகும்.

நகர மையத்திற்கு வரும் பணம்

நகராட்சிக்கும் வரி வருவாயும் மாநிலப் பகிர்வும் நிதிக்குழு மானியமும் உண்டு. நிதிக்குழு மானியம் பெற, சொத்து வரியின் குறைந்தபட்ச விகிதத்தை மாநில அரசு அறிவிக்கவேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. ஆனால், பழைய சந்தையை இடித்துக் கட்டுதல், பேருந்து நிலையத்தை விரிவாக்கல், கடைவீதியை அகலப்படுத்தல் போன்ற பெரும்பணிகளுக்கு இவ்வருவாய் போதுவதில்லை. அவற்றுக்குச் சிறப்புத் திட்டங்களும் கடனும் தேவைப்படுகின்றன.

2015 ஜூன் 25-இல் தொடங்கி 2025 மார்ச் 31-இல் முடிவுற்ற ஸ்மார்ட் நகரத் திட்டம் இதற்குத் தக்க சான்று. நாட்டின் 100 நகரங்கள் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நகரம் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சராசரி 100 கோடி ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளுக்கு 500 கோடி ரூபாய் மத்திய அரசு அளிப்பதும், அதற்கு இணையான தொகையை மாநிலமும் நகராட்சியும் திரட்டுவதும் அதன் ஏற்பாடு. 2017-இல் தேர்வு பெற்ற திருவனந்தபுரத்தில் நகர மையச் சீரமைப்பு மேற்கொள்ளப்பட்டது. பாளையம் சந்தையின் மறுகட்டுமானமும் அதனுள் அடங்கும். இப்பணிகளை நடத்த மாநில அரசும் மாநகராட்சியும் சமபங்கு கொண்ட தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. பெரும்பணிகளை விரைந்து முடிக்க இவ்வமைப்பு உதவும் என்பது நோக்கம்.

இங்கேதான் வேறுபாடு புலப்படுகிறது. கிராமத்துச் சிறு பாலத்திற்குக் கிராம சபையில் விவாதம் நடைபெறுகிறது. நகரத்துப் பெருஞ்சந்தையின் மறுகட்டுமானமோ நிறுவனக் குழுவிலும் ஒப்பந்தப் பத்திரங்களிலும் தீர்மானமாகிறது. 1 லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட கேரள நகராட்சிகளில் வார்டு சபை உண்டு. ஆனால் அதில் இடம்பெறுவோர் அந்நகரின் வாக்காளர் மட்டுமே. மரவள்ளியும் வாழைக்குலையும் கொண்டுவரும் கிராமத்தார்க்கு அங்கே இடமில்லை.

சந்தை இடிக்கப்படும் இடைக்காலத்தில் இவர்கள் எங்கே விற்பது? புதிய கட்டடத்தில் நாள் வாடகை எவ்வளவு? பார இறக்கு இடம் உண்டா? இக்கேள்விகள் திட்ட அறிக்கையில் விடை பெறாவிடில், புதிய சந்தை அழகுற எழும். பழைய விற்பனையாளர் வெளியேறுவர். தெரு வணிகர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் சட்டம் ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது. கணக்கெடுப்பு முடியுமுன் எவரையும் அப்புறப்படுத்தலாகாது. நகர விற்பனைக் குழுவில் தெரு வணிகர் 40 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருக்கவேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்கவேண்டும். அக்கணக்கெடுப்பில் கிராமத்திலிருந்து வந்து விற்போரும் விடுபடாமல் பதியப்படுவது இன்றியமையாதது.

எல்லைக்கு அப்பால்

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையின் ஒருபுறம் பாறசாலை, மறுபுறம் களியக்காவிளை. மக்களின் வாழ்க்கைமுறையில் பெரும் வேற்றுமை இல்லை. ஆயினும் பாறசாலை கிராம ஊராட்சி, களியக்காவிளை பேரூராட்சி. பேரூராட்சி என்னும் அமைப்பு கேரளத்தில் இல்லை.

பெயரில் தோன்றும் இவ்வேற்றுமை நிதியிலும் எதிரொலிக்கிறது. ஊராட்சி ஊரக மானியம் பெறுகிறது. பேரூராட்சி நகர்ப்புறத் திட்டங்களுக்குத் தகுதி பெறுகிறது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் பாறசாலைக்குப் பொருந்தியது, களியக்காவிளைக்குப் பொருந்தவில்லை. தமிழகத்தின் ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டன. பேரூராட்சி மக்களுக்குக் கிராம சபை இல்லை; நகர்ப்புறங்களுக்கான பகுதி சபை விதிகள் 2022-இலேயே வந்தன. ஓர் ஊரை ஊரகம் என்றோ நகரம் என்றோ வகைப்படுத்துவது, அவ்வூர் மக்கள் எந்த நிதியைப் பெறுவர், எந்த மன்றத்தில் பேசுவர் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இவ்வெல்லையே சிறந்த பாடம்.

இணைக்கும் பாலம்: மாவட்டத் திட்டக் குழு

கிராமத்தையும் நகரத்தையும் ஒருங்கே நோக்கும் கடமையை அரசியலமைப்பு மாவட்டத் திட்டக் குழுவிடம் அளித்துள்ளது. உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர்க்குக் குறையாதோர், மாவட்ட ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்களிடையேயிருந்து, ஊரக, நகர மக்கள்தொகை விகிதப்படி தேர்ந்தெடுக்கப்படவேண்டும். கேரளத்தில் இக்குழு 15 உறுப்பினர் கொண்டது. மாவட்ட ஊராட்சித் தலைவர் அதன் தலைவர். மாவட்ட ஆட்சியர் உறுப்பினர்-செயலர். ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான நலன்கள், நீர்ப் பகிர்வு, கட்டமைப்பு, சுற்றுச்சூழல் ஆகியவற்றைக் கருதி மாவட்ட வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது இதன் பணி.

நெய்யாற்றையே கருதுவோம். அகத்தியமலைப் பகுதியில் தோன்றும் அவ்வாறு மேட்டுநில ஊராட்சிகளைக் கடந்து நெய்யாற்றின்கரை நகரையும் தொட்டுப் பூவாறில் கடலில் கலக்கிறது. மேலே கொட்டப்படும் குப்பை கீழே குடிநீரைக் கெடுக்கும். குடும்பஸ்ரீ அமைப்பைச் சார்ந்த ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீடுதோறும் மக்காத குப்பையைச் சேகரிக்கும் பணி மேட்டு ஊராட்சியில் செவ்வனே நடைபெற்றால், அதன் பயன் கீழுள்ள நகரத்தாருக்கும் சேரும். சந்தையும் அவ்வாறே. நகராட்சி கட்டினாலும் அதன் பயனாளிகள் சுற்றுவட்டார ஊராட்சிகளில் வாழ்கின்றனர். எனவே, நகர மையச் சீரமைப்புத் திட்டம் குழுவின் முன் வரும்போது, அண்டை ஊராட்சிகளின் கருத்தும் இணைக்கப்பட்டுள்ளதா என்று கேட்பது குழுவின் கடமையாகும். திட்டங்களுக்கு வரிசையாக ஒப்புதல் முத்திரை இடும் அளவில் குழு நின்றுவிட்டால் இப்பாலம் பயனற்றதாகிவிடும்.

அறிவிப்பும் கணக்கும்

உள்ளாட்சிப் பணிகள் குறித்த செய்தியறிக்கைகளில் ஒதுக்கப்பட்ட தொகை பெரிதாகக் கூறப்படுகிறது. குடிமகனுக்குத் தேவைப்படும் விவரங்கள் வேறு: நிதியின் வகை, அதன் நிபந்தனை, ஒப்புதல் பெற்ற நாள், பணி முடியவேண்டிய நாள், இதுவரை செலவான தொகை, பொறுப்பான அலுவலர். இவ்வாறும் அடங்கிய ஒரு பலகை பணியிடத்தில் இருக்குமாயின் அது பல கூட்டங்களுக்கு ஈடாகும்.

இதற்கான கருவிகள் ஏற்கெனவே உள்ளன. கேரள ஊராட்சிச் சட்டம் குடிமக்களுக்குத் தகவல் பெறும் உரிமையையும், சேவைகளின் கால வரம்பைக் கூறும் குடிமக்கள் சாசனத்தையும், முறைகேடுகளை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் அமைப்பையும் வகுத்துள்ளது. கே-ஸ்மார்ட் என்னும் கணினிவழிச் சேவை 2024 ஜனவரியில் நகராட்சிகளிலும், 2025 ஏப்ரலில் ஊராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்தது. ஆனால், விண்ணப்பம் கணினியில் நகர்வதைக் காண்பது வேறு. பொதுப்பணம் எங்கே செலவாயிற்று என்று கிராம சபையில் கேட்டு விடை பெறுவது வேறு. முன்னதற்காகப் பின்னதைக் கைவிடலாகாது.

அலுவலர்கள் வரவு செலவு அறிக்கையை எளிய மொழியில் கிராம சபையில் படித்துக் காட்டுவதை வழக்கமாக்கிக் கொள்ளவேண்டும். மாணவர்கள் தம் வார்டின் ஓராண்டுப் பணிப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பணியையும் நேரில் கண்டு ஒப்பிடுவது, உள்ளாட்சி இயலைக் கற்க மிகச் சிறந்த வழியாகும். நகராட்சிகள், சந்தையைப் பயன்படுத்தும் கிராமத்தாரையும் கலந்தபின்னரே சீரமைப்புத் திட்டங்களை இறுதி செய்யவேண்டும். ஒற்றசேகரமங்கலத்துக் குடியானவர் தம் சாலையைப் பற்றிப் பேச ஓர் அவை உள்ளது. தம் விளைபொருளை விற்கும் சந்தையைப் பற்றிப் பேசவும் அவருக்கு ஓர் அவை வேண்டும். அவ்வவையை அமைத்துத் தரும் பொறுப்பு மாவட்டத் திட்டக் குழுவைச் சார்ந்தது.