வீட்டுக்காரருக்கே திறக்காத கதவு!

கம்ப்யூட்டரில் முழு அதிகாரம் பெறுவது எப்படி?

கம்ப்யூட்டர் உங்களுடையது. காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள். ஆனாலும், சில வேலைகளைச் சொன்னால், "அனுமதி இல்லை" என்று அது மறுத்து விடும். வீட்டுக்காரருக்கே கதவு திறப்பதில்லை!

இது ஏன்?

கறுப்பு ஜன்னல்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் "கமாண்ட் பிராம்ப்ட்" என்று ஒன்று உண்டு. அது ஒரு கறுப்பு ஜன்னல். அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கட்டளையை எழுத்தால் அடிக்க வேண்டும். 1981-ல் வந்த எம்.எஸ். டாஸ் காலத்தில் கம்ப்யூட்டரை இப்படித்தான் வேலை வாங்கினார்கள். பழுது பார்ப்பவர்களுக்கு இன்றும் இது கைகண்ட கருவி.

சாவிக்கொத்து

2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அதை வீட்டில் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் முழு அதிகாரத்துடனேயே வேலை செய்தார்கள். அவர்கள் திறந்த புரோகிராம்களுக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. திருட்டு புரோகிராம் நுழைந்தால், அதற்கும் கிடைத்தது! சாவிக்கொத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு உறங்கிய கதைதான்.

2007-ல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதை மாற்றியது. வீட்டுத் தலைவரே ஆனாலும், அன்றாட வேலைக்குச் சாதாரண அதிகாரம்தான். பெரிய வேலை என்றால், கேட்டு வாங்க வேண்டும்.

கேட்பது எப்படி?

"ஸ்டார்ட்" பொத்தானை அழுத்தி, சி, எம், டி என்ற 3 ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் பெயர் தோன்றும். அதன் மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கம்ப்யூட்டர் கேட்கும். "எஸ்" என்றால் கறுப்பு ஜன்னல் திறக்கும். அதன் தலைப்பில் "அட்மினிஸ்ட்ரேட்டர்" என்ற சொல் இருக்கும். அதுதான் அடையாளம்.

பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு கொடுத்திருக்கிறீர்களா? அப்படியானால், அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதைச் சொல்லிக் கொடுத்து விடாதீர்கள்!

எச்சரிக்கை!

இங்கே கட்டளை அடித்து அழிக்கும் கோப்பு, குப்பைத் தொட்டிக்குப் போகாது. போனது போனதுதான். ஆகவே, பொருள் தெரியாத கட்டளையை அடிக்கவே கூடாது.

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து விட்டது. கறுப்பு ஜன்னலைத் திறந்து, நான் சொல்வதை அடியுங்கள்" என்று முன்பின் அறியாதவர் போனில் சொன்னால், உடனே பேச்சை நிறுத்துங்கள். மோசடிக்காரர்களின் தந்திரம் அது!

வேலை முடிந்ததும் ஜன்னலை மூடி விடுங்கள். இரும்புப் பெட்டியைத் திறந்தவர், பூட்டாமல் படுக்கப் போவாரா?